மிஷன் முடிந்து வரும் பக்கத்து வீட்டுப் பையன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூட்டா மாநிலத்துக்கு வேலைக்காக வரும் நம் குடும்பங்களுக்கு முதல் வருடத்திலேயே ஒரு குழப்பம் வந்துவிடும். பக்கத்து வீட்டில் பள்ளி முடித்த பையன் திடீரென்று கண்ணில் படமாட்டான். கேட்டால் ஜப்பான், பெரு, கானா என்று ஏதோ ஒரு நாட்டின் பெயரைச் சொல்வார்கள். இரண்டு வருடம் கழித்து அதே வாசலில் பலூனும் வரவேற்புப் பலகையும் கட்டியிருக்கும். அந்தப் பலூன் கட்டும் நேரத்தில்தான் என் போனுக்குக் கேள்விகள் வர ஆரம்பிக்கும். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை என்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்மன் சபைப் பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போய்ச் செய்யும் முழுநேர மத ஊழியத்தைத்தான் மிஷன் என்கிறார்கள். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை. இங்கே நெடுநாளாகக் குடியிருக்கிறேன், தெருவிலும் ஆபீஸிலும் மிஷன் போய் வந்தவர்கள்தான் பெரும்பாலும், அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. எங்கள் தெருப் பையன் ஒருவன் இப்போது ஜப்பானில் கடைசி வாரங்களில் இருக்கிறான், அதனால் உதாரணங்கள் கொஞ்சம் ஜப்பான் பக்கமே சாயும்.

யாருங்க இந்தப் பசங்க? பாதிரியாருக்குப் படிக்கிறாங்களா?

இல்லை. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. வெளியில் மார்மன் சபை என்றால்தான் தெரியும், அவர்கள் இப்போது முழுப் பெயரைச் சொல்வதையே விரும்புகிறார்கள். தலைமையகம் சால்ட் லேக் சிட்டி. இந்தச் சபையில் 18 முதல் 25 வயதுக்குள் இருக்கும் பையன்கள் 24 மாதம் முழுநேர ஊழியத்துக்குப் போவது எதிர்பார்க்கப்படுகிற கடமை. பெண்களுக்கு அது விருப்பம், காலமும் 18 மாதம். 2024 முடிவில் இப்படி ஊழியத்தில் இருந்தவர்கள் 74,000-க்கும் மேல்.

திரும்பி வந்ததும் அவரவர் படிப்பு, வேலை என்று போய்விடுவார்கள். உங்கள் பல் டாக்டர், உங்கள் டீம் மேனேஜர், வீட்டுக்கடன் கொடுத்த பேங்க்காரர், இவர்களில் யாராவது ஒருவர் இருபது வயதில் டை கட்டிக்கொண்டு வேறொரு நாட்டில் கதவு தட்டியவராக இருப்பார்.

எந்த நாடுன்னு அவங்களே முடிவு பண்ணுவாங்களா?

மாட்டார்கள். விண்ணப்பம் போடுவது மட்டும்தான் அவர்கள் வேலை, எந்த நாடு, எந்த மொழி என்பதைச் சபைத் தலைமை முடிவு செய்து கடிதம் அனுப்பும். அதைத் திறந்து படிப்பதற்கென்றே சொந்தக்காரர்கள் கூடுவார்கள், நம் வீடுகளில் பிளஸ் டூ ரிசல்ட் பார்க்கிற மாதிரி. ஜப்பான் என்று வந்தால் ஜப்பானிய மொழிப் பயிற்சிக்கு மட்டும் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்கான பெரிய மையம் இங்கே பக்கத்தில் புரோவோவில் இருக்கிறது.

போன இடத்தில் தனியாக இருக்க முடியாது. எப்போதும் இன்னொரு ஊழியக்காரர் கூடவே இருப்பார், அவரைத் துணைவர் என்கிறார்கள். அந்தத் துணைவரும் தானாகத் தேர்ந்தெடுப்பவர் இல்லை. காலை 6.30-க்கு எழுவது, இரவு 10.30-க்குப் படுப்பது, நடுவில் படிப்பது, வெளியே போவது எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. இந்த இரண்டு விஷயத்தையும், அதாவது கூடவே ஓர் ஆள், போட்டு வைத்த அட்டவணை, ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

சம்பளம் எவ்வளவு வரும்?

வராது, கையிலிருந்துதான் போகும். அமெரிக்காவிலிருந்து போகிறவருடைய குடும்பம் மாதம் 500 டாலர் கட்டுகிறது. 2020 ஜூலை வரை அது 400 ஆக இருந்தது. செலவு அதிகமான டோக்கியோவுக்குப் போனாலும், குறைவான ஊருக்குப் போனாலும் கட்டுகிற தொகை ஒன்றேதான். அப்படிப் பார்த்தால் இரண்டு வருடத்துக்கு 12,000 டாலர். பல பையன்கள் பள்ளிக் காலத்திலிருந்தே புல் வெட்டி, பனி தள்ளி இதற்கென்று சேர்த்து வைப்பார்கள். வசதி இல்லாத வீடுகளுக்குச் சபை உதவி உண்டு. வீடு, சாப்பாடு, போக்குவரத்து என்று அந்த ஊரில் ஆகும் செலவுக்கு மிஷனிலிருந்து அளவாகப் பணம் தருவார்கள், அவ்வளவுதான்.

ரெண்டு வருஷமும் அம்மாகிட்டகூடப் பேசக் கூடாதாமே?

இது பழைய கதை. முன்பு கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என்று வருடத்துக்கு இரண்டு போன்தான், மற்றபடி கடிதமும் மின்னஞ்சலும். 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒரு நாள் வீட்டோடு போனிலோ வீடியோவிலோ பேசலாம் என்று மாற்றிவிட்டார்கள். துணி துவைக்க, மளிகை வாங்க, முடி வெட்ட என்று வாரத்தில் ஒரு நாள் விடுவார்கள், பேசுவது பெரும்பாலும் அன்றைக்கு. நடுவில் ஊருக்கு வந்து போவது மட்டும் கிடையாது. தாத்தா இறந்தபோதும் வராமல் அங்கேயே இருந்தவர்களை எனக்குத் தெரியும், அதைச் சொல்லும்போது அவர்கள் குரல் இன்னும் கம்முகிறது.

முடியற தேதி சரியா ரெண்டு வருஷமா? இது அவங்க வேதத்துல இருக்கா?

சுமாராக இரண்டு வருடம். மிஷனில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றம், துணைவர் மாற்றம் நடக்கும். வீடு திரும்பும் தேதியையும் பெரும்பாலும் அந்தச் சுற்றோடு சேர்த்தே வைப்பார்கள் என்பதால் சில வாரம் முன்னே பின்னே ஆகலாம். தேதி அவனுக்கு ரொம்ப முன்னாலேயே தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொள்வதுதான் நல்ல ஊழியக்காரனுக்கு அழகு என்று ஒரு நினைப்பு அங்கே உண்டு.

24 மாதம் என்பது வேத வாக்கியம் ஒன்றும் இல்லை, நிர்வாக முடிவு. 1982-ல் ஆண்களுக்கும் 18 மாதம் என்று குறைத்துப் பார்த்து, 1984-ல் மறுபடி 24 ஆக்கினார்கள். வயதும் அப்படித்தான். 2012 அக்டோபரில் பையன்களுக்கு 19-லிருந்து 18, பெண்களுக்கு 21-லிருந்து 19 என்று இறக்கினார்கள், 2025 நவம்பரில் பெண்களுக்கும் 18 ஆக்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் இன்னும் மோசம், முடியும் தேதியே கிடையாது. ஆல்மா டெய்லர் என்கிற பையன் 1901-ல் ஜப்பான் மிஷனைத் தொடங்கப் போன நால்வரில் ஒருவன், பத்தொன்பது வயது. மொழியைக் கற்று, சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தை ஜப்பானிய மொழியில் பெயர்த்து, அது 1909-ல் அச்சாகி, அவர் கப்பலேறியது 1910-ல். எட்டு வருடத்துக்கு மேல்! நம் தெருப் பையனின் அம்மாவிடம் இதைச் சொன்னேன், அவருக்கு அது ஆறுதலாகவே இல்லை.

கடைசி மாசம் ஜாலியா ஊர் சுத்திப் பார்ப்பாங்களா?

மாட்டார்கள், கடைசி நாள் வரை அதே அட்டவணைதான். மனசு மட்டும் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடும். அப்படி இருப்பவனைக் கூட இருப்பவர்கள் 'டிரங்க்கி' என்று கிண்டல் பண்ணுவார்கள், டிரங்குப் பெட்டியிலிருந்து வந்த பேச்சு. ஒருவனுடைய கடைசித் துணைவனாக இருப்பவன் 'அவனைக் கொன்றவன்', வீடு போகிறவன் 'சாகப் போகிறவன்'. பிள்ளையைக் கண்ணில் பார்க்க நாள் எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டில் போய் இந்தக் கிண்டலை எல்லாம் சொல்லிவிடாதீர்கள்.

நிஜத்தில் கடைசி வாரங்கள் ஓடுவது சில்லறை வேலைகளில். ஜப்பானில் என்றால் உள்ளூர் அரசு அலுவலகத்தில் ஊரைவிட்டுப் போவதாக எழுதிக் கொடுக்க வேண்டும், வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அட்டையை விமான நிலையக் குடிவரவுக் கவுண்டரில் திருப்பிக் கொடுக்க வேண்டும். சைக்கிளை அடுத்து வருகிறவனுக்குத் தள்ளிவிட வேண்டும். மிஷன் மின்னஞ்சலும் அதில் உள்ள படங்களும் வேலை முடிந்தபின் நிரந்தரமாக இருக்காது என்பதால் எல்லாவற்றையும் சொந்தக் கணக்குக்கு மாற்ற வேண்டும், நிறையப் பேர் கோட்டை விடுவது இதில்தான். திரும்பிப் போய் என்ன படிப்பது, என்ன செய்வது என்று எழுதிப் பார்க்க 'மை பிளான்' என்று சபையே ஒரு பயிற்சி வைத்திருக்கிறது. பிறகு அந்தப் பகுதி ஊழியக்காரர்களுக்கெல்லாம் பொறுப்பான மிஷன் பிரசிடென்டோடு கடைசிப் பேட்டி, அவர் வீட்டில் ஒரு சாப்பாடு. மிஷன் பிரசிடென்டும் நிரந்தர ஆள் இல்லை, மனைவியோடு மூன்று வருடத்துக்கு வந்திருப்பவர்.

கஷ்டமான வேலை ஒன்று உண்டு, விடைபெறுவது. வாராவாரம் ஆரஞ்சுப் பழத்தோடு காத்திருந்த பாட்டி, ஆங்கில வகுப்புக்கு வந்த ஆபீஸ்காரர், இவர்களிடம் திரும்பி வருவேன் என்று சொல்லவும் முடியாது, வரமாட்டேன் என்று சொல்லவும் வாய் வராது.

வர்ற அன்னைக்கு ஏர்போர்ட்டுக்கு நாங்களும் போகலாமா?

கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள், கூப்பிடாவிட்டால் மறுநாள் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். சால்ட் லேக் விமான நிலையத்துக்கு இது அன்றாடக் காட்சி. 2020-ல் புதுக் கட்டடம் திறந்தபோது, இப்படி வரவேற்க வரும் கூட்டத்தை மனதில் வைத்தே வெளியே வரும் இடத்தில் ஒரு பெரிய கூடம் கட்டினார்கள், கணப்பெல்லாம் வைத்து. பலூன், கொடி, பாட்டி தாத்தா, பத்து மச்சினன் மச்சினி என்று திருவிழாவாக இருக்கும்.

முதல் கட்டிப்பிடிப்பு அம்மாவுக்கு. இது எழுதாத சட்டம், முந்திக்கொள்ளாதீர்கள். காத்திருந்த காதலி யாராவது இருந்தால் அவளுக்கு அன்றைக்குக் கைகுலுக்கல்தான், ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

வீட்டுக்கு வந்த அப்புறமும் அந்த பேட்ஜைக் கழட்ட மாட்டேங்கிறானே?

விமானம் இறங்கியதால் மிஷன் முடிவதில்லை. வார்டு என்று சொல்லும் உள்ளூர்ச் சபைகள் பல சேர்ந்த வட்டாரத்துக்கு ஸ்டேக் பிரசிடென்ட் என்று ஒருவர் இருப்பார், அவரும் சம்பளமில்லாமல் பார்ப்பவர், பகலில் வக்கீலாகவோ கணக்காளராகவோ இருப்பார். அவரை நேரில் பார்த்து, அவர் விடுவித்தால்தான் முடிந்ததாகக் கணக்கு. பெரும்பாலும் வந்த அன்று ராத்திரியே, சமயத்தில் மறுநாள். அதுவரை எல்லா விதியும் நடப்பில் இருக்கும்: சினிமா கூடாது, பெண்ணோடு தனியாக இருக்கக் கூடாது, பெயர்ப்பட்டை சட்டையில் இருக்கும்.

அந்தச் சந்திப்பு அரை மணி நேரம்கூட ஆகாது என்கிறார்கள். வெளியே வரும்போது பட்டை இல்லை, 'எல்டர்' என்கிற முன்பெயர் இல்லை, துணைவனும் இல்லை. ஆபீஸில் ஒருவர் சொன்னார்: காரில் உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தாராம், துணைவர் ஏறிவிட்டாரா என்று.

சாப்பிடக் கூப்பிடலாமா? ஃபில்டர் காபி குடுக்கலாமா?

கூப்பிடுங்கள், அவர்களுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் காபி, டீ இரண்டும் அவர்கள் சபை விதிப்படி கிடையாது, மது, புகையிலை போலவே. பால் போட்டாலும் கிடையாது, 'கொஞ்சூண்டு' என்றாலும் கிடையாது. நம் வீட்டில் டம்ளரை நீட்டி மூன்று தரம் உபசரிப்போமே, அது வேண்டாம், பாவம் நெளிவார்கள். மோர், பாதாம் பால், லெமன் ஜூஸ் போதும். அசைவத்துக்குத் தடை இல்லை.

ஜப்பானிலிருந்து வருகிறவனுக்கு ஒரு சௌகரியம், சோறு என்றால் சந்தோஷப்படுவான். தயிர் சாதத்தைப் பார்த்துத்தான் கொஞ்சம் யோசிப்பான்.

வந்தா எங்களையும் மதம் மாத்தப் பார்ப்பானோ?

மேலே சொன்ன அந்த விடுவிப்புக்குப் பிறகு அது அவன் முழுநேர வேலை இல்லை. சர்ச்சுக்கு வாங்க, ஐஸ்கிரீம் பார்ட்டி இருக்கு என்று கூப்பிடலாம். விருப்பம் இல்லாவிட்டால் சிரித்துக்கொண்டே 'இல்லப்பா, வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். ஜப்பானில் இரண்டு வருடம் தினமும் மரியாதையான 'வேண்டாம்' கேட்டுப் பழகியவனுக்கு உங்களுடையது வலிக்கவே வலிக்காது. வலிப்பது, பதில் சொல்லாமல் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது. நம் ஆட்கள் நிறையப் பேர் செய்வது அதைத்தான்.

'எப்படி இருந்துச்சு?'ன்னு கேட்டா 'நல்லா இருந்துச்சு'ன்னு மட்டும் சொல்றான். நம்மகிட்ட சொல்ல இஷ்டமில்லையோ?

அந்த வாரத்தில் எழுபதாவது ஆளாக நீங்கள் கேட்டிருப்பீர்கள். தவிர, வந்த சில நாளில் ஞாயிறு கூட்டத்தில் அவன் எழுந்து பேச வேண்டும், வட்டாரப் பெரியவர்கள் சபையில் தனியாக அறிக்கை சொல்ல வேண்டும், அங்கெல்லாம் பேசுவதற்கென்று ஒரு அழகான வடிவம் அவனிடம் தயாராக இருக்கும். 'எப்படி இருந்துச்சு' என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் அதன் சுருக்கம்தான் கிடைக்கும்.

சின்னதாகக் கேளுங்கள். உன்கூட இருந்ததிலேயே ஒத்துப்போகாத துணைவன் யார்? மழையில் சைக்கிள் ஓட்டி எங்கேயாவது விழுந்தாயா? முதல் முறை ஜப்பானிய மொழியில் கனவு வந்தது எப்போது? குளிர்காலத்தில் வீட்டுக்குள் எத்தனை ஸ்வெட்டர்? இதற்கெல்லாம் பதில் சொல்ல ஆரம்பித்தால் மணி போவது தெரியாது. அவனுடைய அம்மாவே உங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் சில கதைகளை முதல் தடவையாகக் கேட்பார்.

வந்து ஒரு மாசம் ஆச்சு, ஒரு மாதிரி உட்கார்ந்தே இருக்கான். மனசு சரியில்லையா?

இந்தக் கேள்வி எல்லாரும் கடைசியில், குரலைத் தாழ்த்திக் கேட்பது. என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: திரும்பி வருவதுதான் போவதைவிடக் கஷ்டம், அதற்குக் காரணம் மதமோ வெளிநாடோ இல்லை, இரண்டாவது கேள்வியில் சொன்ன அந்த அட்டவணையும் துணைவனும்தான். எழுநூறு நாளுக்கு மேல் எழுவதிலிருந்து படுப்பது வரை எல்லாம் முடிவாகி இருந்தது, ஒரு நிமிடம்கூடத் தனியாக இருந்ததில்லை, செய்கிற ஒவ்வொரு வேலையும் பெரிய காரியம் என்று நினைத்துச் செய்தான். ஒரே ராத்திரியில் அத்தனையும் போய், தன் பழைய அறையில், பள்ளிக்கூடக் கோப்பைகளுக்கு நடுவில், கையில் போனோடு தனியாக உட்கார வைத்தால் யாருக்குமே தலை சுற்றும். நண்பர்கள் பாதிப் பேர் வேறு ஊரில், மிச்சம் பேர் இன்னும் மிஷனில். சும்மா படம் பார்த்தாலும் தப்பு செய்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. கடைக்குத் தனியாகப் போகவே சங்கடப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலும் சில மாதத்தில் தெளிந்துவிடும். வேலையோ வகுப்போ எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறதோ அவ்வளவு நல்லது. தெருக்காரர்கள் செய்யக்கூடியது, அவனுக்கு நேரம் குறித்து ஒரு வேலை கொடுப்பது. வேலிக்குப் பெயின்ட் அடிக்கணும், சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வர்றியா என்று கேளுங்கள். எதிர்வீட்டில் ஒரு பையனுக்கு அந்த இலையுதிர் காலம் முழுக்க எங்கள் தெருவே மாற்றி மாற்றி இப்படி வேலை கொடுத்தது. அதே சமயம் தூக்கமில்லை, சாப்பாடில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று ஏதாவது காதில் விழுந்தால் வேலி, பெயின்ட் எல்லாம் போதாது, பெற்றோரிடம் உடனே சொல்லுங்கள், டாக்டர் பார்க்க வேண்டியது அது.

ரெண்டு வருஷம் வீணாப் போச்சே, படிப்பு என்ன ஆகும்?

இதைக் கேட்பது நம் ஆட்கள் மட்டும்தான், ஆனால் நியாயமான கேள்வி. இங்குள்ள கல்லூரிகள் இதற்குப் பழகியவை, குறிப்பாகப் புரோவோவில் இருக்கும் சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம். சீட் வாங்கி வைத்துவிட்டு மிஷன் முடிந்து வந்து சேரலாம். கவனிக்க வேண்டியது வரும் மாதம்: செப்டம்பர் வகுப்பைத் தவறவிட்டால் ஜனவரி. மேலே சொன்ன ஒரு மாதிரி உட்கார்ந்திருக்கும் கட்டம் இந்த இடைவெளியில்தான் நீளும்.

மொழிக்கும் மதிப்பு உண்டு. அதே பல்கலைக்கழகம் நடத்தும் மொழித் தேர்வில் தேறினால் 12 கிரெடிட் வரை கிடைக்கும், கிட்டத்தட்ட ஒரு செமஸ்டர். வந்த சூட்டோடு எழுதிவிடச் சொல்லுங்கள், வீட்டில் பேச ஆளில்லாவிட்டால் ஜப்பானிய எழுத்து ஆச்சரியமான வேகத்தில் மறந்துபோகும். ஏழை நாடுகளிலிருந்து மிஷன் போய்த் திரும்புகிறவர்கள் நிலைமை வேறு, அவர்களுக்குக் காத்திருக்கும் சீட் கிடையாது. அவர்களுடைய படிப்புக்குக் கடன் கொடுக்க 2001-ல் சபை ஒரு நிதியைத் தொடங்கியது. நம் கவலை உண்மையில் பொருந்துவது அந்தப் பிள்ளைகளுக்கு.

ஜப்பான்ல ரெண்டு வருஷத்துல ஒருத்தரைத்தான் சபையில சேர்த்தானாம். அப்ப தோல்விதானே?

அவனிடம் கேட்டுவிடாதீர்கள், ஏற்கெனவே தன்னைத்தானே கேட்டிருப்பான். பிரேசில் போன நண்பன் முப்பது ஞானஸ்நானம் என்பான், ஜப்பான் போனவன் ஒன்று என்பான். வேலை ஒன்றுதான், நிலம் வேறு. எண்ணிக்கைக்காகப் போவதில்லை என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனாலும் எண்ணுவார்கள்.

ஜப்பான் மிஷனை 1901 ஆகஸ்டில் யோகோகாமாவில் இறங்கித் தொடங்கியவர் ஹீபர் கிரான்ட், சபையின் பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் ஒருவர். இரண்டு வருடம் இருந்து, மொழியும் சரியாகப் பிடிபடாமல், சேர்ந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம் என்ற நிலையில் 1903-ல் திரும்பினார். 1918-ல் அவரே சபையின் தலைவரானார். 1924-ல் அந்த ஜப்பான் மிஷனை மூடியவரும் அவரே. பிறகு 1948-ல் திரும்பத் திறந்து, 1980-ல் டோக்கியோவில் அவர்களுடைய கோயிலே வந்துவிட்டது. அப்போஸ்தலருக்கே அந்த நிலை என்றால் இருபது வயதுப் பையனிடம் எண்ணிக்கை கேட்பது அநியாயம்.

நம்ம ஊர்ப்பக்கம் வந்திருக்காங்களா?

வந்திருக்கிறார்கள், ரொம்பக் காலத்துக்கு முன்பே. 1852-ல் சால்ட் லேக்கிலிருந்து கிளம்பி, கல்கத்தா வழியாக 1853-ல் மெட்ராஸ் வந்து சேர்ந்தார் ரிச்சர்ட் பாலன்டைன். மனைவி குழந்தைகளை விட்டுவிட்டு, கையில் பணமில்லாமல். ஒரு வருடம் கூட்டம் நடத்தினார், பத்திரிகை அச்சடித்தார், சேர்ந்தவர்கள் சொற்பம். உடம்பு கெட்டு 1854-ல் கப்பலேறினார். திரும்பும் வழியும் லேசில்லை, இங்கிலாந்து போய், அமெரிக்கா போய், 1855-ல் ஒரு வண்டிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிச் சமவெளியைக் கடந்துதான் வீடு. பலூன் எல்லாம் யார் கட்டியிருப்பார்கள்.

இப்போது இந்தியாவில் பெங்களூரு, டெல்லி என்று மிஷன்கள் இருக்கின்றன. இந்தியப் பிள்ளைகளும் மிஷன் போகிறார்கள்.

வந்தவுடனே கல்யாணம் பண்ணிடறாங்களே, என்ன அவசரம்?

எல்லாரும் இல்லை. ஆனால் சீக்கிரம் செய்கிறவர்கள் இங்கே அதிகம் என்பது உண்மை, இருபத்திரண்டு வயதில் பத்திரிகை நீட்டுவார்கள். இரண்டு வருடம் காதல் பேச்சே கூடாது, வந்தவுடன் அடுத்த கடமை குடும்பம் என்று சொல்லி வளர்ந்தவர்கள், அவசரம் வராமல் என்ன செய்யும். காத்திருப்பேன் என்று சொன்ன பெண் நடுவிலேயே வேறொருவரைக் கட்டிக்கொண்ட கதைகளும் தெருவுக்கு ஒன்று உண்டு, பேர் கேட்காதீர்கள்.

கல்யாணம் கோயிலுக்குள் நடந்தால் நம்மை உள்ளே விடமாட்டார்கள், அவர்கள் சபையிலேயே தகுதிச் சான்று இல்லாத உறவினரையும் விடமாட்டார்கள், அதனால் அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019-லிருந்து முதலில் வெளியே எல்லார் முன்னாலும் பதிவுத் திருமணம், உடனே கோயில் சடங்கு என்று செய்துகொள்ள வழி வந்துவிட்டது. எப்படி இருந்தாலும் ரிசப்ஷனுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

எட்டே மாசத்துல திரும்பி வந்துட்டான். பலூனும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்ன கேக்கறதுன்னே தெரியல.

ஒன்றும் கேட்காதீர்கள். 'வந்துட்டியா, சந்தோஷம்' என்று சொல்லுங்கள். உடம்பு, மனச்சோர்வு, வீட்டு நிலைமை, தான் சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்று, நம்பிக்கைக் குறைவு, எதுவாகவும் இருக்கலாம், காரணத்தைத் துருவ நமக்கு உரிமை இல்லை. உடல்நலத்தால் வந்தவர்களைச் சபை மரியாதையோடுதான் விடுவிக்கிறது, வீட்டில் இருந்தபடியே உணவு வங்கி போன்ற இடங்களில் மீதிக் காலத்தைச் சேவையாகச் செய்யவும் வழி வைத்திருக்கிறது. ஆனால் தெருவின் பார்வை வேறு, அதற்குத்தான் அந்தக் குடும்பம் பயப்படுகிறது. பலூன் கட்டாத வீட்டுக்குக் கட்டாயம் ஒரு டப்பா கேசரியோடு போங்கள் என்பேன்.

2020 மார்ச்சில் கொரோனாவால் உலகம் முழுவதிலிருந்தும் பல்லாயிரம் பேரை ஒரே மூச்சில் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 21 மாதம் முடித்திருந்த பையன்களை அத்தோடு விடுவித்தும் விட்டார்கள். விடைபெறக்கூட நேரமில்லாமல் வந்தவர்கள் அவர்கள். முடித்த மாதிரியே இல்லை என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள்.

ரெண்டு வருஷம் ஊழியம் பண்ணிட்டு வந்தவன் இப்ப 'எனக்கு நம்பிக்கையே போச்சு'ன்னு என்கிட்ட மட்டும் சொல்றான். அவங்க வீட்ல சொல்லணுமா?

சொல்லாதீர்கள். உங்களைத் தேடி வந்ததே நீங்கள் வெளியாள் என்பதால்தான். ஒரு மதத்தை மூச்சாகப் பேசிய பிறகு கேள்விகள் வருவது இயல்பு. ஜப்பானில் எத்தனையோ நல்ல பௌத்தக் குடும்பங்களில் உட்கார்ந்து சாப்பிட்டவன் யோசிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். சிலர் யோசித்து இன்னும் உறுதியாவார்கள், சிலர் விலகுவார்கள், இரண்டையும் இந்தத் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். 'எனக்கு அப்பவே தெரியும்' என்று ஆரம்பித்துவிடாதீர்கள், 'அம்மா பாவம்' என்று அழுத்தவும் வேண்டாம். இங்கே குடும்பம், நட்பு, சில சமயம் கல்லூரி இடம் வரை எல்லாம் சபையோடு பின்னிக் கிடப்பதால் அவன் இழக்கப்போவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை. அதனால் எப்போது, யாரிடம் சொல்வது என்பதை அவனே முடிவு பண்ணட்டும். டாக்டர் தேவைப்படும் அறிகுறி இருந்தால் மட்டும் முன்பு சொன்ன பதில்தான்.

இதெல்லாம் இருக்கட்டும். என் பையன் பதினேழு வயசு, 'நானும் சேர்ந்து மிஷன் போறேன்'ங்கிறான். என்ன பண்ண?

இது இரண்டு வீடுகளிலிருந்து வந்தது, இரண்டிலும் அழுகை. முதலில் நடைமுறை: 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள். சேர்ந்தாலும் பொதுவாக ஒரு வருடம் கழித்துத்தான் மிஷனுக்கு விண்ணப்பிக்க முடியும். அதற்குமேல் வார்டுத் தலைவரான பிஷப்பின் பேட்டி, ஸ்டேக் பிரசிடென்ட் பேட்டி, மருத்துவப் பரிசோதனை எல்லாம் உண்டு. நாளைக்கே விமானம் ஏறப் போவதில்லை, மூச்சு விடுங்கள்.

அப்புறம், அவனுக்குப் பிடித்திருப்பது அந்த நம்பிக்கையா, அவர்களுடைய கூட்டமா, வீட்டைவிட்டு ஒரு வெளிநாடு போகும் வாய்ப்பா என்று கேளுங்கள், கத்தாமல். கூட்டம்தான் காரணம் என்றால் அது தப்பே இல்லை, நாம் வார இறுதியில் மூன்று தமிழ்க் குடும்பத்தோடு மட்டும் பழகினால் பிள்ளை வேறு கூட்டம் தேடத்தான் செய்வான். நம்பிக்கையே காரணம் என்றால் பதினெட்டு முடிந்தபின் அது அவன் முடிவு, அதற்குள் நீங்கள் அவனோடு பேசுகிற உறவில் இருக்க வேண்டும். மிஷனிலிருந்து வந்து ஆறு மாதம் ஆன ஒரு பையனையும் உங்கள் மகனையும் சேர்த்து ஒரு நாள் சாப்பிட வையுங்கள், பரிமாறிவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்விடுங்கள். நல்ல நாட்களைப் பற்றி அவன் கேட்காமலே சொல்வான். மோசமான நாளைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று உங்கள் மகனுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.